கணுக்காலில் ஒரு 'ஸ்பேர் டயர்'

இரவு பதினொன்றேகால் இருக்கும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், ஹியூஸ்டனுக்குத் தெற்கே பியர்லேண்ட் பக்கத்தில் அண்ணன் வீடு. கராஜ் கதவு ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. கடையை மூடிவிட்டு வந்த அண்ணன், வாசலோரம் இருந்த சின்ன பெஞ்சில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கினார். இடுப்பில் இருந்த கறுப்புக் கைத்துப்பாக்கியை உறையோடு எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

அது எனக்குப் புதிதில்லை. துப்பாக்கி வைத்திருப்பதாகப் போனிலேயே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் புதிது. இடது காலின் கால்சட்டையை மேலே ஏற்றினார். காலுறையைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கணுக்காலின் உட்பக்கத்தில் அகலமான ஒரு பட்டை, அதில் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ரிவால்வர்.

"இது என்னண்ணே?"

"ஸ்பேர் டயரும்மா. கார்ல ஒண்ணு வெச்சிருக்கமாட்டியா, அது மாதிரி."

சிரித்துக்கொண்டே சொன்னார். சமையலறையில் சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொண்டிருந்த அண்ணி சிரிக்கவில்லை.

அண்ணன் என் பெரியம்மா மகன். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவர். 1990களில் பொறியியல் படிக்கப் போனவர், அங்கேயே தங்கி, வேலை பார்த்து, பிறகு பெட்ரோல் ஸ்டேஷனும் அதோடு சேர்ந்த கடையும் எடுத்து நடத்துகிறார். இன்றைக்கு அமெரிக்கக் குடிமகன். சின்ன வயதில் வீட்டுக்குள் வந்த ஓணானைக்கூட அடிக்கவிடாமல் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளிவிடுகிற மனிதர். அவர் உடம்பில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்றைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டாவது எதற்கு? அங்கிருந்த மூன்று வாரமும் இந்தக் கேள்வியோடுதான் சுற்றினேன்.

நம் ஊரில் துப்பாக்கியை நாம் எங்கே பார்க்கிறோம்? காவல்துறையினரின் இடுப்பில், வங்கிக்குப் பணம் கொண்டுவரும் வேனுக்குப் பக்கத்தில், பெரிய நகைக்கடை வாசலில். அவ்வளவுதான். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டப்படி, சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. கொள்ளையடிக்கும்போது சுட்டால் 2023 வரை கட்டாய மரண தண்டனை. அந்த ஆண்டு வந்த மாற்றத்துக்குப் பிறகுதான் மரணமா, நீண்ட சிறையா என்பதை நீதிபதி முடிவு செய்கிறார். செய்தி வாசிக்கும் நாட்களில் இந்தச் சட்டங்களின் பெயரை எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை.

அண்ணன் வாழும் ஊரில் நிலைமை நேர் எதிர். 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. நூறு பேருக்கு நூற்றிருபது. ஆளுக்கு ஒன்று கொடுத்தும் மிச்சம் இருக்கிறது. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதைத் தாண்டிய, சட்டத்தால் தடுக்கப்படாத எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அண்ணன் அதற்கு முன்பே உரிமம் எடுத்தவர். வகுப்பில் உட்கார்ந்து, எழுத்துத் தேர்வு எழுதி, 50 தோட்டாக்கள் சுட்டுக் காட்டி வாங்கியது. இன்னமும் புதுப்பித்துக்கொண்டு வருகிறார். வேறு சில மாநிலங்களுக்குக் காரில் போகும்போது அந்த அட்டை உதவுமாம்.

"சட்டம் வேணாம்னு சொன்னாலும் நான் கிளாஸுக்குப் போயிருப்பேன்" என்றார். அவர் அப்படிப்பட்டவர்தான். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கு அட்டை போட்டு, அந்த அட்டைக்கும் பிளாஸ்டிக் உறை போடுவார்.

அந்த இரவு

2017இல் ஒரு நாள். கடை மூடும் நேரம். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் அண்ணனின் நெற்றியில் துப்பாக்கியை வைத்தான். இன்னொருவன் கல்லாவைக் காலி செய்தான். பிறகு அண்ணனின் கழுத்திலிருந்த சங்கிலியை அறுத்தான். பெரியம்மா போட்டுவிட்ட சங்கிலி. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை.

காயமில்லை என்று சொல்வது எளிது. அதற்குப் பிறகு பல மாதம் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை. கடையில் கதவு மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும் என்று அண்ணி சொன்னார். அந்த வருடம்தான் முதல் துப்பாக்கியை வாங்கினார். கிளாக் 19, மகசினில் 15 தோட்டாக்கள். வாரம் ஒரு முறை பயிற்சிக்கூடத்துக்குப் போனார். தூக்கம் மெல்லத் திரும்பி வந்தது.

ஒரு சனிக்கிழமை, பயிற்சியின் நடுவில், அந்த கிளாக் நின்றுவிட்டது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்காமல் வாயிலேயே மாட்டிக்கொண்டது. விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. இது அரிதானது என்றாலும் எந்தத் தானியங்கித் துப்பாக்கியிலும் நடக்கக்கூடியது. பிடி தளர்ந்தால், தோட்டா மோசமாக இருந்தால், சுத்தம் செய்யாமல் விட்டால் நடக்கும். பயிற்சியாளர் வந்து ஒரே இழுப்பில் சரிசெய்துவிட்டார். பழகியவர்களுக்கு இரண்டு மூன்று வினாடி வேலை.

"அந்த மூணு வினாடியிலதான்மா நான் மறுபடியும் அந்த ராத்திரிக்குப் போயிட்டேன்" என்றார் அண்ணன்.

அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களிடம் ஒரு பழமொழி உண்டு. இரண்டு இருந்தால் ஒன்று, ஒன்றே இருந்தால் ஒன்றுமில்லை. அன்று பயிற்சியாளர் அதைச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமே கணுக்காலுக்கு ஒன்று வந்துவிட்டது.

போலீஸ்காரர்களின் பழக்கம்

இரண்டாவது துப்பாக்கி என்பது அண்ணன் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்கக் காவல்துறையினரிடம் வெகுகாலமாக இருக்கும் பழக்கம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950இல் ஐந்து தோட்டா மட்டும் பிடிக்கிற சின்ன ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. சாதாரண உடையில் சுற்றும் துப்பறிவாளர்களுக்கு அது முதல் துப்பாக்கி. சீருடைக்காரர்கள் பலருக்கு இரண்டாவது. தோட்டா தீர்ந்தால் மறுபடி நிரப்பிக்கொண்டிருக்காமல் இன்னொரு துப்பாக்கியை உருவிக்கொள்வதற்கு அங்கே 'நியூயார்க் ரீலோட்' என்றே பெயர். 1960களின் இறுதியில் நியூயார்க் காவல்துறையில், அடிக்கடி கொள்ளை போகும் கடைகளில் மறைந்திருந்து காத்திருக்கும் பிரிவு ஒன்று இருந்தது. ஜிம் சிரில்லோ போன்றவர்கள் அதில் பணியாற்றினார்கள். அவர்களோடு சேர்த்துத்தான் இந்தப் பெயரை இன்றும் சொல்கிறார்கள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் மயாமி. 1986 ஏப்ரல் 11. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர், வங்கிக் கொள்ளையர்கள் இரண்டு பேரின் காரை இடித்து நிறுத்தினார்கள். அதில் ஜான் ஹேன்லன் என்ற அதிகாரியின் துப்பாக்கி, கார் மோதிய வேகத்தில் கைநழுவிப் போனது. தேட நேரமில்லை. இரண்டாவதாக வைத்திருந்த சிறிய ரிவால்வரோடு இறங்கிச் சுட்டார். சண்டை ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை என்கிறார்கள். ஜெர்ரி டவ், பெஞ்சமின் குரோகன் என்ற இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். ஐந்து பேருக்குக் காயம். கொள்ளையர் இருவரும் செத்தார்கள். ஹேன்லன் உயிர் பிழைத்தார்.

அண்ணன் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் கண் பளபளத்தது. "பார்த்தியா, அந்தச் சின்னத் துப்பாக்கி இல்லன்னா அந்த ஆளு வெறுங்கையோட நிக்கணும்."

ஊருக்குத் திரும்பி வந்தபின் நான் அந்தச் சம்பவத்தைப் பற்றி மேலும் படித்தேன். ஹேன்லனின் சின்ன ரிவால்வரில் தோட்டாக்கள் தீர்ந்தன. மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கையில் குண்டு பாய்ந்தது. அண்ணனுக்கு இதுவும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கதை இதற்கு முன்னால் இருக்கும் வரியோடு முடிந்துவிடுகிறது.

சரி, எஃப்.பி.ஐ. அதிகாரிகள் ஆயுதம் தாங்கிய கொள்ளையரைத் தேடிப் போனவர்கள். அண்ணன் பாலும் ரொட்டியும் விற்கிறவர். இருவரின் ஆபத்தும் ஒன்றா? கேட்டேன்.

கோபப்படாமல் விரல்விட்டு எண்ணினார். முதலாவது பழுதாகலாம். வலது கையில் அடிபட்டால் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒன்று வேண்டும். அவனோடு கட்டிப்புரளும்போது இடுப்பில் இருப்பதை அவன் பறித்துவிடலாம். காரில் உட்கார்ந்து சீட் பெல்ட் போட்டிருக்கும்போது இடுப்புத் துப்பாக்கி எளிதில் வராது, கணுக்கால் எட்டும். கடைசியாக, "அண்ணிக்கு ஒண்ணு குடுக்கலாம்."

"எனக்கு வேணாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஐந்து தோட்டா

ஒரு நாள் என்னைப் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. இரைச்சலிலேயே வேலை செய்கிறவள் நான். ஆனாலும் முதல் வெடிச்சத்தத்தில் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. பெரிய துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டபோது, பரவாயில்லை, காகிதத்தில் எங்கோ ஓர் ஓரத்திலாவது ஓட்டை விழுந்தது. பிறகு சின்ன ரிவால்வர்.

பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கிறது. சுமார் 400 கிராம்தான். ஆனால் சின்னதாக இருப்பதே அதன் கஷ்டம். எடை குறைவு என்பதால் உதை முழுவதும் கைக்கு வருகிறது. குழல் குட்டை என்பதால் குறிபார்ப்பது கடினம். விசை கனமாக இருக்கிறது. என் ஐந்து தோட்டாவும் காகிதத்தைத் தொடவே இல்லை. அண்ணனுக்கு ஐந்தில் மூன்று பட்டது, அதுவும் நின்று நிதானமாகச் சுட்டபோது.

பழக்கமுள்ளவர்களுக்கே பதற்றத்தில் குறி தவறும். நியூயார்க் காவல்துறையைப் பற்றி ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் ஓர் அறிக்கை கொடுத்தது. 1998 முதல் 2006 வரை, எதிராளி திருப்பிச் சுட்ட சண்டைகளில் காவலர்கள் சுட்டதில் இலக்கைத் தொட்டது 18 விழுக்காடு மட்டுமே. ஐந்து தோட்டாவில் சராசரியாக ஒன்று. மற்ற நான்கும் எங்காவது போய் விழத்தானே வேண்டும்? அண்ணன் கடைக்கு வெளியே எண்ணெய் ஊற்ற எப்போதும் நாலு கார் நிற்கும்.

எல்லா மாநிலமும் டெக்சஸ் மாதிரி இல்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவில், மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் பெற்றவர் ஒரு நேரத்தில் ஒரு கைத்துப்பாக்கிதான் மறைத்து வைத்திருக்கலாம். கலிஃபோர்னியா 2023இல் இயற்றிய சட்டத்தில் இரண்டுக்கு மேல் கூடாது என்றிருக்கிறது. டெக்சஸில் எண்ணிக்கைக் கணக்கே இல்லை. உடம்பு தாங்கினால் சரி.

உடம்பு தாங்குகிறதா என்பது வேறு கதை. ஹியூஸ்டன் வெயிலும் புழுக்கமும் கிட்டத்தட்ட நம் ஊர் மாதிரிதான். கணுக்காலில் பட்டை கட்டியிருக்கும் இடம் வேர்த்துச் சிவந்திருக்கிறது. அரைக்கால்சட்டை போட முடியாது. வேர்வையாலும் தூசியாலும் துப்பாக்கியை அடிக்கடி துடைத்து எண்ணெய் போடவேண்டும். கூர்ந்து பார்த்தால் அண்ணன் இடது காலைச் சற்று அகற்றி வைத்து நடப்பது தெரியும். "மூட்டு வலியாண்ணே?" என்று வந்த முதல் நாளே கேட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பியர்லேண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். சட்டப்படி வழிபாட்டுத் தலத்துக்குள் உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு போகலாம், நிர்வாகம் தடைசொல்லாத வரையில். அண்ணன் போகமாட்டார். "அம்மனுக்கு முன்னாடி எதுக்கு?" என்றார். கார் நிறுத்துமிடத்தில் இடுப்பிலிருந்து ஒன்றையும் காலிலிருந்து ஒன்றையும் கழற்றி, இருக்கைக்கு அடியில் கம்பியால் பிணைத்திருந்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அர்ச்சனைத் தட்டோடு நாங்கள் வெளியே காத்திருந்தோம். திரும்பி வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளும் வேலை. வழியில் அண்ணி மருந்து வாங்க நிறுத்திய இடத்தின் வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. 30.06 என்பார்கள், மறைத்த துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று பொருள். மறுபடி கழற்று, பூட்டு. ஒரே காலையில் இரண்டு துப்பாக்கியும் எத்தனை முறை கை மாறின என்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு கழற்றலும் ஒவ்வொரு பூட்டலும் மறக்காமல் செய்யவேண்டிய ஒரு வேலை. அதுவும் இரண்டிரண்டாக.

காரில் ஏன் விட்டுவிட்டு வரக்கூடாது என்று நான் கேட்கும் முன்பே அண்ணன் கில்லீன் கதையைச் சொன்னார். டெக்சஸில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1991 அக்டோபர் 16. கில்லீன் நகரில் ஓர் உணவகத்துக்குள் காரை மோதி நுழைந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண் அம்மா அப்பாவோடு சாப்பிட வந்திருந்தார். அவரிடம் ரிவால்வர் இருந்தது, ஆனால் அன்றைய சட்டத்துக்குப் பயந்து காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கைப்பையைத் துழாவியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. பெற்றோர் இருவரும் அங்கேயே இறந்தார்கள். 1995இல் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமச் சட்டம் டெக்சஸில் வந்ததற்கு அவருடைய சாட்சியமும் ஒரு காரணம். அடுத்த ஆண்டு அவரே மாநில மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தக் கதைக்கு என்னிடம் பதிலில்லை. இரவு நிகழ்ச்சி முடிந்து, விளக்கு பாதி எரியாத கார் நிறுத்துமிடத்தில், விரலிடுக்கில் சாவியைக் குத்துவதற்குத் தயாராகப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள் நான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கைப்பையை உடம்போடு ஒட்டிக்கொள்ளாத பெண் நம் ஊரில் யார் இருக்கிறார்? பயத்தைப் பற்றி அண்ணனுக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கில்லை.

சோபாவுக்கு அடியில்

நான் புறப்படுவதற்கு நாலு நாள் முன்பு. காலை ஏழு மணி. அண்ணன் இன்னும் எழுந்திருக்கவில்லை. முந்தின இரவு கடையில் கணக்கு முடிக்க நேரமாகி, வந்ததும் சோபாவிலேயே கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டுப் பிறகுதான் மேலே போனார். நான் காப்பியோடு அதே சோபாவில் உட்கார்ந்தேன். அவருடைய மகளுக்கு எட்டு வயது. சோபாவின் கைப்பிடியில் ஏறி மெத்தையில் குதிப்பது அவள் காலை விளையாட்டு. "அத்தை, கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். தொடைக்கு அடியில் கெட்டியாக ஏதோ இடித்தது. டிவி ரிமோட் என்று நினைத்து மெத்தையைத் தூக்கினேன்.

பட்டையோடு சுருண்டு கிடந்தது. கால் அரித்திருக்கும். தூக்கக்கலக்கத்தில் கழற்றி, மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு மறந்திருக்கிறார். கிளாக் அதன் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. ஐந்து தோட்டாவும் நிரம்பிய, தனியாகப் பூட்டு விசை எதுவும் இல்லாத, அழுத்தினால் வெடிக்கிற இந்தச் சின்னது மட்டும் எட்டு வயதுக் குழந்தை குதிக்கும் இடத்தில்.

மெத்தையைத் திரும்ப வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "அம்மாவைக் கூப்பிடு" என்றேன். குரல் எப்படியோ சாதாரணமாக வந்தது. மைக் முன்னால் பத்து வருடம் பழகியதில் இது ஒன்றாவது உதவியது.

அண்ணன் இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமில்லை. எடுத்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் கொட்டினார். ஐந்தையும் எண்ணினார். மறுபடி எண்ணினார். டெக்சஸ் சட்டப்படி, 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி சுடத் தயாரான துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். உரிம வகுப்பில் இதை அவர் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நிமிடம் சட்டமா மனதில் ஓடியிருக்கும்?

எனக்கு ஓடியது வேறொன்று. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் ஒரு பேரங்காடியில், 29 வயதுப் பெண்ணொருவரின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை, தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த அவருடைய இரண்டு வயது மகன் எடுத்தான். அது வெடித்து அந்தத் தாய் இறந்தார். அவரும் உரிமம் பெற்றவர்தான். பழக்கமுள்ளவர், பொறுப்பானவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் அண்ணி முதல்முறையாக என்னிடம் மனம்விட்டுப் பேசினார். துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"ஒண்ணுக்கு நான் ஒத்துக்கிட்டேன். அவரு தூங்கணும்ல. ரெண்டாவதுக்கு என்னைக் கேக்கவே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "கள்ளனுக்கு நான் அவ்வளவா பயப்படல. அந்த வருஷம் இவரு ராத்திரி முழுக்கச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. அப்ப துப்பாக்கி இல்ல. நல்ல வேளைன்னு இப்ப தோணுது."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,328 பேர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அண்ணி புள்ளிவிவரம் படிக்கிறவர் இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்து பார்க்கிறவருக்கு எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அண்ணன் தானாகவே பேச்சை எடுத்தார். விட்டுவிடப் போகிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "தப்பு என்னோடது, துப்பாக்கியோடது இல்ல" என்றார்.

"அதைத்தாண்ணே நானும் சொல்றேன்" என்றேன். "முதல் துப்பாக்கி ஜாம் ஆனா ரெண்டாவது இருக்கு. நீங்க அசந்துட்டா?"

பதில் வரவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் வாசலோர பெஞ்சுக்கு மேலே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், எண் பூட்டு வைத்த ஒரு சின்னப் பெட்டகத்தைச் சுவரில் திருகி மாட்டினார். காலணியைக் கழற்றுவதற்கு முன் இரண்டும் அதற்குள் போய்விடவேண்டும் என்று அவருக்கு அவரே போட்டுக்கொண்ட விதி. அண்ணி அதோடு இன்னொரு விதியைச் சேர்த்தார். அவர் கதவைத் திறந்ததும் "எத்தனை?" என்று கேட்பார். "ரெண்டு" என்று பதில் வரவேண்டும். பெட்டகத்துக்குள் இரண்டையும் கண்ணால் பார்த்தபிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்.

போன வாரம் அண்ணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே மதியம் ஒரு மணி, அங்கே முந்தின நாள் இரவு பதினொன்று. பெரியம்மாவின் முட்டிவலி, மகளின் பரதநாட்டிய வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்த பேச்சுக்கு நடுவே கராஜ் கதவுச் சத்தம் கேட்டது.

"எத்தனை?" என்றார் அண்ணி.

"இன்னைக்கு ஒண்ணுதான்" என்று அண்ணனின் குரல். "காலு அரிக்குதுன்னு காலையிலேயே வெச்சிட்டுப் போயிட்டேன்."

போன் மேசைமேல் வைக்கப்படும் சத்தம். பிறகு பெட்டகத்தின் எண் பொத்தான்கள், நாலு முறை. கதவு திறந்தது.

"இருக்கு" என்றார் அண்ணி. போனை மறுபடி எடுத்து, "ம், சொல்லும்மா, எங்க விட்டோம்?" என்று கேட்டார்.